ஏழாம் நம்பருக்கு மட்டும்

மார்ச் 10, செவ்வாய்

சிட்டு,

கடவுள் துணை. அன்றைக்குக் கணினி அறையில் யார் யார் இருந்தோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் யார் மேலும் பழி போட வேண்டாம். நான். நம் ஊர் மன்றத்துச் செயலாளர். தரை துடைக்கிற அக்கா. ஏழாம் நம்பர் கணினியில் உன் அப்பா. இவ்வளவு பேர்தான். வெளியாள் ஒருவரும் இல்லை.

நீ ஊரைவிட்டுப் போனபிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போனில் பேசலாம்தான். நம் வீட்டில் போனில் தும்மினால்கூட உன் அப்பா காதில் விழும் என்பது உனக்குத் தெரியாதா? அதனால் மன்றத்தின் மெயிலிலிருந்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை, வேலையாகத்தான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டாவது படி.

மன்றத்துப் படிப்பறைக் கணினிகளுக்கெல்லாம் தலையாக ஒன்றை அலமாரி மூலையில் வைத்துவிட்டுப் போனாயே, அதற்கு நான் மேஸ்திரி என்று பெயர் வைத்திருக்கிறேன். காலையில் மற்ற கணினிகள் கண் விழித்ததும் யார் என்ன செய்ய வேண்டும் என்று அதுதானே சொல்கிறது? பிரிண்டர் இது, பூட்டி வைக்க வேண்டிய பக்கங்கள் இவை, நேற்று வந்தவர்கள் விட்டுப்போன குப்பையைத் துடை என்று. அத்தனைக்கும் நீ எழுதிவைத்த பட்டியல்களை நான் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துவிட்டேன். மன்றத்துக் கணக்கு எழுத மேஸ்திரி முன்னால்தான் உட்காருகிறேன். எதிரில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று தெரியாமல் எப்படி உட்கார்ந்திருப்பது? பாதி புரிந்தது. மீதியைத் தட்டுத் தடுமாறி, அங்கே இங்கே தேடிப் புரிந்துகொண்டேன்.

போன வாரம் திங்கட்கிழமை மேஸ்திரியின் லினக்ஸ் இயங்குதளம் பழசாகிவிட்டது, இனிப் பாதுகாப்பு கிடையாது என்று அறிவிப்பு வந்தது. செயலாளர், "அம்மா, நீங்களே பண்ணிடுங்க, வெளியில ஆள் கூப்பிட்டா நம்ம கதவு எல்லாத்தையும் திறந்து பார்ப்பான்" என்றார். பண்ணினேன். லினக்ஸ் நன்றாகவே ஏறியது. பிறகு பட்டியல்களை ஓட்டுகிற உன் தானியங்கி மென்பொருளையும் புதுசாக்கினேன். முடிந்தது என்று அதுவே சொல்லிற்று. ஆனால் வெர்ஷன் என்ன என்று கேட்டால் பழைய எண்ணையே காட்டியது! தேடிப் பார்த்தால் ஒரே பெயரில் இரண்டு இருக்கிறது. லினக்ஸின் பொதுக் கிடங்கிலிருந்து வந்தது ஒன்று. நீ தனி அறை கட்டி அதற்குள் வைத்தது இன்னொன்று. ஒரே சாமான் இரண்டு எதற்கு என்று உன்னுடைய பழசை எடுத்துவிட்டேன். இப்போது புது எண் காட்டுகிறது.

பிறகு எல்லாக் கணினியையும் அணைத்துப் போட்டோம். பட்டியல்கள் பச்சையாக ஓடின. ஒன்றே ஒன்று, கடைசியில் ஒரு சின்னப் பட்டியல், சிவப்பாக நின்றுவிட்டது. பெயர்கூட வைக்கவில்லை நீ, வெறும் 'ஏழு' என்று இருக்கிறது. அது இல்லாமலே எல்லாம் நடக்கிறது. செயலாளர், "உபயோகமில்லாததை ஏம்மா வச்சுக்கணும், அழிச்சுடுங்க" என்கிறார். அழிக்கட்டுமா? உன்னிடம் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை.

உன் அப்பாவைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் அதற்கும் ஒரு கோபம் வைத்துக்கொள்வாய். அன்று கணினிகளை அணைத்துப் போட்டபோது அவருக்கு எரிச்சல். "படிச்சிட்டிருக்கிறவனைக் கேட்டுட்டு அணைக்கணும்" என்றார். கணினி திரும்ப எழுந்ததும் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். எழுந்து போய்விட்டார். கோபம் என்று விட்டுவிட்டேன். அன்றிலிருந்து படிப்பறைப் பக்கமே வரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டு மதில் சுவரைப் பார்க்கிறார். உன் அண்ணன் கேட்டால், "கண்ணு போச்சுடா, அவ்வளவுதான், விடு" என்கிறார். கண் டாக்டரிடம் போகலாம் என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறார். செய்தித்தாளை எப்போதோ விட்டுவிட்டார், அவர் படித்ததெல்லாம் அந்த ஒரு ஸ்கிரீனில்தான்.

அந்தச் சிவப்புப் பட்டியல் பற்றி எழுது.

உன் அண்ணி


மார்ச் 14, சனி

அண்ணி,

உங்க மெயிலை ஆபீஸ்ல இருக்கும்போது பார்த்தேன். உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதி எழுதி அழிச்சேன். அதான் தாமதம்.

முதல்ல வேலை. நீங்க எடுத்தது வேண்டாத பழசு இல்ல, அதுதான் சரியான ஒண்ணு. லினக்ஸ் ஏறும்போது அதோட சண்டை போடக்கூடாதுன்னுதான் தனி அறை கட்டி வச்சேன். பொதுக் கிடங்குல கிடைக்கிறது வெறும் அடுப்பு மாதிரி. பாத்திரம் பண்டம் எல்லாம் தனியா வாங்கி வைக்கணும். முன்னாடி எல்லாம் சேர்ந்தே வரும். புது வெர்ஷன்ல பிரிச்சுட்டாங்க. பதறாதீங்க. பட்டியல்கள் பத்திரமா இருக்கில்ல? அது போதும். வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி அந்த ஃபோல்டர் முழுசையும் ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்துடுங்க. அப்புறம் எதை ஓட்டினாலும் முதல்ல ஒத்திகையா ஓட்டுங்க. கமாண்டைக் கீழே தனியா எழுதியிருக்கேன். அது எதையும் மாத்தாது. மாத்தினா என்ன ஆகும்னு மட்டும் சொல்லும்.

'ஏழு' முக்கியமில்ல. ஆனா அழிக்காதீங்க. தயவுசெய்து அழிக்காதீங்க. செயலாளர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

அப்பாவுக்கு நிஜமாவே கண்ணுல என்ன பண்ணுதுன்னு யாராவது பார்த்தீங்களா? வலி இருக்கா? கதவு நிலையில இடிச்சுக்கிறாரா? அண்ணன் அவரை இழுத்துட்டாவது போகக்கூடாதா? நான் கேட்டா எனக்கு என்ன உரிமைன்னு கேப்பீங்க. கேளுங்க.

அன்னைக்கு நான் பெட்டியோட வாசல்ல நின்னப்போ அவர், "போறவ போ, போன் பண்ணாத, நான் எடுக்க மாட்டேன்"னார். நீங்க சமையலறை வாசல்ல கரண்டியோட நின்னீங்க. ஒரு வார்த்தை சொல்லல. அவர் கத்தினதைக்கூட மறந்துட்டேன் அண்ணி. நீங்க நின்னதுதான் ஞாபகம் இருக்கு.

ஏழாம் நம்பர்ல இப்ப வேற யாராவது உட்கார்றாங்களா?

சிட்டு


மார்ச் 17, செவ்வாய்

சிட்டு,

கரண்டியோடு நின்றது உண்மை. நான் வாயைத் திறந்திருந்தால் அப்பாவும் மகளும் சண்டையை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டியிருப்பீர்கள். உங்கள் வீட்டு ரத்தம் அப்படி. கல்யாணமாகி வந்த புதிதிலேயே பார்த்துவிட்டேன். கடுகு வெடிக்கிற நேரம் அடுப்பைக் குறைக்கலாமே தவிர, மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கக்கூடாது. அதற்காக என் மேல் கோபப்படு, பரவாயில்லை. பதிலாவது எழுதினாயே, கடவுளுக்கு நன்றி.

காப்பி எடுத்துவிட்டேன். ஒத்திகை ஓட்டினேன். சிட்டு, இது எவ்வளவு அழகான ஏற்பாடு! எதையும் தொடாமல், தொட்டால் இன்னது ஆகும் என்று சொல்கிறது. மனுஷர்களுக்கும் பேசுமுன் இப்படி ஒன்று இருந்திருந்தால் நம் வாசலில் அன்றைக்கு எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். இன்னொன்றையும் கவனித்தேன். ஒரே பட்டியலை மறுபடி மறுபடி ஓட்டினாலும் ஏற்கெனவே சரியாக இருப்பதை அது தொடுவதே இல்லை. 'மாற்றம் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போகிறது. நான் தினமும் அதே பிரார்த்தனையைச் சொல்கிறேன் என்று உன் அண்ணன் கேலி செய்வாரே, அவருக்கு இதைக் காட்டினேன். "மெஷினையும் உன் கட்சியில சேர்த்துட்டியா?" என்கிறார்.

இப்போது நான் கேட்கிறேன். முக்கியமில்லாததை எதற்கு அழிக்கக்கூடாது? அறையில் அத்தனை கணினி இருக்க, ஏழாம் நம்பரில் யார் உட்காருகிறார் என்று உனக்கு எதற்கு? இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். எனக்குத் தூக்கம் வந்தாலும் இது விடாது என்று தெரிந்தது. நேற்றுக் காலை 'ஏழு' பட்டியலைத் திறந்து வரி வரியாகப் படித்தேன்.

முதல் வேலை: ஏழாம் நம்பர் எழுந்ததும் அதில் மட்டும் எழுத்தைப் பெரிசாக்கு. ஒன்றரை மடங்கு.

அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கணினியில் எழுத்து பெரிதாக இருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவரே ஏதோ அமுக்கி வைத்துக்கொள்கிறார் என்று நினைத்திருந்தேன். தினமும் அணைத்தால் எல்லாமே பழையபடி ஆகிவிடும், மறுபடி யாரோ பெரிசாக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமா பாவம், ஸ்கிரீன் என்றாலே எழுத்து இந்த அளவுதான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் உன் மென்பொருளைக் கழுவித் துடைத்துப் புதுசாக்கிய அன்று எழுத்து சுருங்கிப்போனது. அவர் கண் சுருங்கிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்! இத்தனை நாளாக மதில் சுவரைப் பார்த்துக்கொண்டு, கண் போய்விட்டது என்று உட்கார்ந்திருக்கிறாரே, அதற்கு நான் எடுத்துப்போட்ட அந்த ஒரு சாமான்தான் காரணம்.

ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று செருப்பு மாட்டினேன். அப்போதுதான் இரண்டாவது வேலையைப் படித்தேன்: ஏழாம் நம்பர் எழுந்தது என்று ஒரு விலாசத்துக்கு மெயில் அனுப்பு. ஒரே ஒரு வரி மெயில். விலாசம் உன்னுடையது.

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் புரிந்தது சரிதானா என்று நீயே சொல். மாமாவிடம் என்ன சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதையும் நீதான் சொல்ல வேண்டும். சொல்லும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். அதில்தான் எனக்கு நல்ல பெயர் இருக்கிறதே.

உன் அண்ணி


மார்ச் 19, வியாழன்

அண்ணி,

சரிதான். நீங்க புரிஞ்சுக்கிட்டது அத்தனையும் சரி.

அந்த சீட்ல வேற யாரும் உட்கார மாட்டாங்க. உட்கார்ந்தா அவர் பின்னாடி நின்னு தொண்டையைச் செருமியே எழுப்பிடுவார். அதனால ஏழு எழுந்ததுன்னா அவர் எழுந்திருக்கார், குளிச்சிருக்கார், படியேறி வந்திருக்கார், பட்டனை அமுக்கியிருக்கார்னு அர்த்தம். எனக்கு இங்க பல் தேய்க்கிற நேரம். பிரஷ் வாயில இருக்கும், ஒரு கையில போனைப் பார்ப்பேன். ஒரு வரி வந்திருக்கும். வாயைக் கொப்பளிச்சுட்டு வேலைக்குப் போயிடுவேன்.

போன் பண்ணாதன்னார். பண்ணல. மெஷின் பண்ணக் கூடாதுன்னு அவர் சொல்லலையே.

மன்றத்துச் சாவி எல்லாத்தையும் போகும்போது செயலாளர்கிட்டயே கொடுத்துட்டேன். இங்கேருந்து என்னால உள்ளே வர முடியாது, எதையும் பார்க்க முடியாது. அந்த ஒரு வரி மட்டும்தான் வெளியே வரும். அது நின்னதும் முதல் நாள், கரண்ட் இல்ல போலன்னு நினைச்சேன். அடுத்த நாள் மன்றம் லீவுன்னேன். அதுக்கப்புறம் எனக்கு நானே சொல்ல ஒண்ணும் இல்ல. அண்ணன் நம்பரை எடுத்து எடுத்து வச்சேன். உங்க மெயில் வந்தப்போ சப்ஜெக்டைப் பார்க்கவே பயந்தேன். 'மென்பொருள் அப்டேட்' னு போட்டிருந்தீங்க. ஆபீஸ்ல சத்தமா சிரிச்சுட்டேன், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் உள்ளே கண்ணு போச்சுன்னு படிச்சேன்.

இப்ப செய்ய வேண்டியது. எழுத்தைப் பெரிசாக்குறதும் மெயில் அனுப்புறதும் ரெண்டுமே நான் சொன்ன பாத்திரம் பண்டத்துல சேர்ந்தது, துணைத் தொகுப்புன்னு பேர். அதான் அது மட்டும் சிவப்பு. தனி அறையை மறுபடி கட்டி, அதுக்குள்ள மென்பொருளை வச்சு, அப்புறம் அந்தத் துணைத் தொகுப்பை நிறுவணும். கமாண்ட் நாலும் கீழே இருக்கு. வரிசையை மாத்தாதீங்க. பட்டியல்ல பழைய பெயருக்கு முன்னாடி தொகுப்போட முழுப் பெயரையும் சேர்க்கணும். அதையும் எழுதியிருக்கேன். பொதுக் கிடங்குக்காரனை அப்படியே விட்டுடுங்க, ஆனா மேஸ்திரியை இனிமே அறைக்குள்ள இருக்கிறதைத்தான் கூப்பிடச் சொல்லுங்க. மேஸ்திரிங்கிற பேர் நல்லா இருக்கு அண்ணி.

அவர்கிட்ட நான்னு சொல்லாதீங்க. தெரிஞ்சா வீம்புக்கு எட்டாம் நம்பர்ல போய் உட்கார்ந்து கண்ணைச் சுருக்கிட்டு இருப்பார். எழுத்து திரும்ப வந்தா போதும்.

சரியானதும் ஒரு வரி போடுங்க. நீங்க போடாட்டியும் மெஷின் போடும்.

சிட்டு


மார்ச் 24, செவ்வாய்

சிட்டு,

மெஷின் போட்ட வரி உனக்குச் சனிக்கிழமையே வந்திருக்கும். முழுக்கதையை நான் எழுத வேண்டாமா?

முதலில் மறுபடியும் சிவப்பு. நீ சொன்ன வரிசையில் ஒரு எழுத்து மாறாமல் அடித்தேன். தொகுப்பு நிறுவியாகிவிட்டது என்கிறது, ஓட்டினால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. கடையில் வாங்கிய சாமானை வீட்டில் காணோம் என்கிற கதை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. கடைசியில் பார்த்தால் நான் என் பெயரில் நுழைந்து என் அலமாரியில் வைத்திருக்கிறேன். மேஸ்திரி காலையில் தன் பெயரில் எழுந்து தன் அலமாரியில் தேடுகிறது. பாவம், அது எப்படிக் கண்டுபிடிக்கும்? அதன் பெயரில் நுழைந்து அங்கே வைத்தேன். ஒத்திகை ஓட்டினேன். பச்சை. கை கூப்பிவிட்டேன். தரை துடைக்கிற அக்கா, "கம்ப்யூட்டரையா கும்பிடுறே?" என்றாள். "இல்லக்கா, மேலே" என்றேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

அடுத்த கஷ்டம் மாமாவை வரவழைப்பது. எழுத்து சரியாகிவிட்டது, வாருங்கள் என்றால் எப்படிச் சரியானது என்பார். முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவரிடம் எதற்கும் காரணம் சொல்லாமல் தப்ப முடியுமா? அதனால் அவர் வழியிலேயே போனேன். அவர் அங்கே உட்கார்ந்து ஊர் உலகத்து லிஃப்ட் விபத்து அறிக்கைகளையெல்லாம் படித்துத் திட்டுவாரே, அதில் புதிதாக ஒன்று தேடி எடுத்தேன்.

"மாமா, ஒரு லிஃப்ட் கீழே வான்னா மேலே போயிருக்காம். அறிக்கை வந்திருக்கு. எனக்கு ஒரு இழவும் புரியல" என்றேன்.

"எந்த மாடியில?"

"படிச்சாத்தானே தெரியும். நான் வாசிக்கிறேன், நீங்க கேட்டுச் சொல்லுங்க."

"எதிர் எடை பார்த்திருக்க மாட்டானுங்க" என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் மதில் சுவரைப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டினார்.

ஏழாம் நம்பர் பட்டனை அவரே அமுக்கினார். ஸ்கிரீன் வந்தது, எறும்பு எறும்பாக எழுத்து. "பார்த்தியா" என்று என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை உனக்கு எழுத மாட்டேன். நான் அலமாரி மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனசுக்குள் பிரார்த்தனை பாதியில் நிற்கிறது. அப்போது, அவர் கண்ணெதிரே, எழுத்து ஒரு தரம் மூச்சிழுத்ததுபோல் பெரிசாகி நின்றது.

மாமா நாற்காலியை முன்னால் இழுத்தார். ஒரு வரியை வாய்விட்டுப் படித்தார். கண்ணாடியை எடுத்துவிட்டுப் படித்தார். மாட்டிக்கொண்டு படித்தார். சந்தோஷப்படுவார் என்று நான் நிற்கிறேன், அவர் மேஜைக்கடியில் குனிந்து வயரைப் பார்க்கிறார்!

"யாரும் தொடலையே. எப்படிப் பெரிசாச்சு?"

"மேஸ்திரி பண்ணுது மாமா. அதோ, மூலையில இருக்கே."

"ஓ, லிஃப்ட் மாதிரி மெஷின் ரூம் மேல இருக்கா. கீழ பட்டனை அமுக்குறவனுக்குத் தெரியாது." அவருக்குப் பிடித்துப்போயிற்று. "நடுவுல நின்னுபோச்சோ? அதான் சின்னதாத் தெரிஞ்சுதா?"

"ஆமாம் மாமா. அப்டேட் பண்ணும்போது நான் ஒண்ணைத் தப்பா எடுத்துட்டேன்."

"அப்ப என் கண்ணு?"

"உங்க கண்ணு போன மாசம் எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

எட்டாம் நம்பர் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, "சரி, மேஸ்திரிக்கு யார் சொன்னது? எல்லாத்துக்கும் பெரிசா பண்ணலையே. எட்டாம் நம்பர் சின்னதாத்தானே இருக்கு. ஏழுக்கு மட்டும் பண்ணுன்னு யார் சொல்லிவச்சது?" என்றார்.

சிட்டு, நான் பொய் சொல்ல மாட்டேன் என்று உனக்குத் தெரியும். உன் பெயரைச் சொல்லக்கூடாது என்று நீ கேட்டுக்கொண்டாய். அதனால் அப்படியே நின்றேன். கையில் கரண்டி மட்டும்தான் இல்லை.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அன்னைக்கும் இப்படித்தான் நின்னே" என்றார்.

பிறகு அறிக்கையைக் கடைசிவரை படித்தார். லிஃப்டுக்கு எதிர்ப்பக்கம் தொங்குகிற அந்த எதிர் எடையைத்தான் பார்க்கவில்லையாம், அவர் சொன்னதே சரி. செயலாளரைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவருக்கும் விளக்கினார். செயலாளர் பாவம், தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எட்டாம் நம்பருக்கு அவர் நகரவில்லை, அதை எழுதிவிடுகிறேன். ஞாயிறும் வந்தார், நேற்றும் வந்தார். கண் டாக்டரிடம் வெள்ளிக்கிழமை போகிறோம். உன் அண்ணன் சொல்லி அல்ல, அவரே கேட்டார்.

நேற்றுக் கிளம்பும்போது நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், ஸ்கிரீனைப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் ஒரு சுற்று பெரிசா இருந்தா நல்லா இருக்கும். கேட்டுப் பாரு."

"யார்கிட்ட மாமா?"

"யார் இதைப் பண்ணாங்களோ, அவங்ககிட்டதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

எந்தப் பட்டியலில் எந்த வரி என்று எனக்குத் தெரியும். ஒரு எண்ணை மாற்றினால் போதும், ஒத்திகையும் ஓட்டத் தெரியும். ஆனாலும் அதை நான் தொடப் போவதில்லை. அவர் கேட்டது என்னிடம் இல்லை. என்ன எண் போட வேண்டும் என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்குச் சொன்னாலும் சரி, அவருக்கே போன் செய்து சொன்னாலும் சரி. சீக்கிரம் பதில் எழுது.

உன் அண்ணி